பனிப்பறவைகள்: வட அமெரிக்கச் சக்கர வீட்டு வாழ்க்கையின் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட மாநிலங்களிலும் கனடாவிலும் வாழ்வோரில் ஒரு பகுதியினர், கடுங்குளிர் தொடங்கும் முன்பே தெற்கு நோக்கிப் புறப்படுகின்றனர். புளோரிடா, டெக்சாஸ், அரிசோனா, கலிபோர்னியா ஆகிய மாநிலங்களில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, வசந்தம் வந்ததும் ஊர் திரும்புகின்றனர். இவர்களைப் 'பனிப்பறவைகள்' என்ற பொருள்படும் 'ஸ்நோபேர்ட்' என்னும் சொல்லால் அங்கு அழைக்கின்றனர். இவர்களுள் பலர் தெற்கே வீடு வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ தங்குவர். வேறு பலர் படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் அமைந்த ஊர்தியிலேயே சென்று, அதிலேயே தங்குவர். இவர்களிலும் ஒரு பிரிவினர், சொந்த வீட்டை விற்றுவிட்டு ஆண்டு முழுவதும் அந்த ஊர்தியையே வீடாகக் கொண்டு வாழ்பவர்கள்.

இந்த வாழ்க்கை பெரும்பாலும் ஓய்வுக்கால உல்லாசப் பயணமாகவே வெளியில் தெரிகிறது. அதன் நூறாண்டு வரலாற்றைப் பார்த்தால் ஒரு கேள்வி தொடர்ந்து வருவதைக் காணலாம். ஓரிடத்தில் நிலைத்து நில்லாத வீட்டில் வாழ்பவர் எந்த ஊரைச் சேர்ந்தவர்? அவருக்கு வாக்குரிமை எங்கே, மருத்துவம் எங்கே, வண்டி ஓட்ட முடியாத வயதில் அவர் போகும் இடம் எங்கே? இக்கட்டுரை அந்தக் கேள்வியின் வழியே இவ்வரலாற்றைக் கூறுகிறது.

சொற்களும் ஊர்திகளும்

பருவந்தோறும் இடம்பெயர்தலைக் குறிக்கத் தமிழில் 'வலசை' என்ற நல்ல சொல் உண்டு. இன்று பறவைகளோடு சேர்த்தே அதை அதிகம் கேட்கிறோம். முற்காலத்தில் பகைவருக்கு அஞ்சி மக்கள் ஊரைவிட்டு வெளியேறுவதையும் அது குறித்தது. விரும்பிச் செல்வது, வேறு வழியின்றிச் செல்வது என்ற இரு பொருளும் அச்சொல்லில் இருப்பது இங்கே நினைவில் கொள்ளத்தக்கது. சக்கர வீட்டு வாழ்க்கையிலும் இவ்விரு வகையினரும் உள்ளனர்.

ஆங்கிலத்தில் 'ஸ்நோபேர்ட்' என்பது முதலில் ஒரு சிறு பறவையின் பெயர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குளிர்காலத்தில் உணவுக்கும் உறைவிடத்துக்குமாகப் படையில் சேர்ந்து, வசந்தத்தில் ஓடிவிடுபவரை ஏளனமாகக் குறிக்க இச்சொல் பயன்பட்டது. 1920-களில் குளிருக்காகத் தெற்கே வரும் வடக்கத்தியருக்கு வழங்கத் தொடங்கி, அதுவே நிலைத்துவிட்டது.

இவர்களின் ஊர்திகள் பொதுவாக 'ஆர்.வி.' எனப்படும். பொழுதுபோக்கு ஊர்தி என்பது இதன் பொருள். தமிழ்நாட்டில் திரைப்படப் படப்பிடிப்பு இடங்களில் நிற்கும் 'கேரவன்' வண்டியைப் பார்த்தவர்களுக்கு இதன் அமைப்பு எளிதில் விளங்கும். இவை இரு பெரும் வகைப்படும். இயந்திரமும் வீடும் ஒன்றாக இருப்பது மோட்டார் வீடு. காரோ லாரியோ இழுத்துச் செல்வது இழுவை வீடு, அதாவது டிரெய்லர். இரண்டிலும் மூன்று தொட்டிகள் இருக்கும். ஒன்று நல்ல நீருக்கு, ஒன்று குளித்த நீருக்கும் பாத்திரம் கழுவிய நீருக்கும், ஒன்று கழிப்பறைக் கழிவுக்கு. தொட்டி எத்தனை நாளில் நிரம்பும் என்பதைப் பொறுத்தே ஓரிடத்தில் எத்தனை நாள் தங்கலாம் என்பது அமையும்.

ஏன் தெற்கு?

வடக்கே மினசோட்டா, மிச்சிகன் போன்ற மாநிலங்களில் ஜனவரி மாத வெப்பநிலை பல நாள்கள் உறைநிலைக்குக் கீழேயே இருக்கும். கற்சுவர் வீட்டில் வாழ்பவர் சூடேற்றும் கருவியைக் கொண்டு சமாளித்துக்கொள்வார். சக்கர வீட்டின் சுவரோ சில அங்குலக் கனமே உடையது. தரைக்கு அடியிலும் குளிர்காற்று வீசும். தண்ணீர்க் குழாய்கள் உறைந்தால் பனிக்கட்டி விரிந்து குழாய் வெடித்துவிடும். கழிவுத் தொட்டி உறைந்தால் அதைக் காலி செய்ய முடியாது. சூடேற்றுவதற்கான புரோப்பேன் எரிவாயு உருளைகள் சில நாள்களிலேயே தீர்ந்துவிடும். வடமாநிலங்களின் முகாம்கள் பலவும் முதல் உறைபனியோடு தண்ணீர்க் குழாய்களை மூடிவிடுகின்றன.

ஆகவே நிலையான வீட்டை விட்டவருக்குத் தெற்குப் பயணம் விருப்பம் மட்டுமன்று, ஊர்தியின் அமைப்பே அதைக் கட்டாயமாக்குகிறது. அரிசோனாவின் பாலைநிலத்தில் கோடையில் 40 டிகிரி செல்சியசுக்கு மேல் வெயில் கொளுத்தும். ஜனவரிப் பகலில் அங்கே சுமார் 20 டிகிரிதான். கோடையில் வடக்கு, குளிரில் தெற்கு என்ற ஆண்டுச் சுழற்சி இவ்வாறு உருவானது.

தகர டப்பாப் பயணிகள்

செல்வர்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இரயிலில் புளோரிடாவுக்குச் சென்று பெரிய விடுதிகளில் குளிர்காலத்தைக் கழித்தனர். நடுத்தர மக்களுக்கு அந்த வழியைத் திறந்தது ஃபோர்டு நிறுவனத்தின் 'மாடல் டி' கார். 1908-இல் அறிமுகமானபோது அதன் விலை சுமார் 850 டாலர். 1913-இல் நகரும் தொகுப்பு வரிசை முறை வந்தபின் விலை இறங்கி, 1920-களின் நடுவில் 300 டாலருக்கும் குறைந்தது. விவசாயி, கடைக்காரர், ஆசிரியர் முதலியோரும் கார் வாங்க முடிந்தது. மத்திய மேற்குப் பகுதியைப் புளோரிடாவின் மயாமியுடன் இணைக்கும் 'டிக்சி நெடுஞ்சாலை'த் திட்டமும் 1910-களின் நடுவில் தொடங்கியது. கார்ல் ஃபிஷர் என்ற தொழிலதிபர் இதன் முன்னோடி.

முதல் உலகப்போர் முடிந்ததும் வடக்கத்தியக் கார்கள் தெற்கே வரத் தொடங்கின. காரின் பக்கத்தில் கூடாரம் கட்டி, வண்டியின் மேல் மெத்தையையும் அடுப்பையும் ஏற்றிக்கொண்டு வந்தனர். 1919-இல் புளோரிடாவின் தம்பா நகரில் உள்ள டி சோட்டோ பூங்காவில் முகாமிட்டிருந்தவர்கள் ஒன்றுகூடி 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்', அதாவது 'தகர டப்பாப் பயணிகள்' என்ற சங்கத்தை அமைத்தனர். டப்பாவில் அடைத்த உணவை உண்டதால் இப்பெயர் வந்தது என்பர். ஃபோர்டு காருக்கு வழங்கிய 'தகர' என்ற செல்லப்பெயரே காரணம் என்பாரும் உளர். உறுப்பினர்கள் தங்கள் காரின் ரேடியேட்டர் மூடியில் ஒரு தகர டப்பாவைப் பற்றவைத்துக்கொண்டனர். வழியில் எதிர்ப்படும் உறுப்பினரை அந்த அடையாளத்தால் அறிந்தனர். பழுதாகி நிற்பவருக்கு உதவுவதும், முகாமைத் தூய்மையாக விட்டுச் செல்வதும், ஒழுக்கமான பொழுதுபோக்கை வளர்ப்பதும் சங்கத்தின் நோக்கங்கள். குளிர்காலத்தில் புளோரிடாவிலும் கோடையில் மிச்சிகனிலும் மாநாடு கூட்டினர்.

உள்ளூர் மக்கள் இவர்களை இருமனத்தோடு பார்த்தனர். ஊருக்கு வந்தவர் நிலம் வாங்குவார், கடையில் செலவழிப்பார் என்று முதலில் நகரங்கள் இலவச முகாம்களைத் திறந்தன. வந்தவர்களோ உணவையும் கூடவே கொண்டுவந்தனர். ஒரு சட்டையோடும் ஒரு 20 டாலர் நோட்டோடும் வந்தார்கள், இரண்டையும் மாற்றாமலே போனார்கள் என்று புளோரிடாவில் ஒரு நகைச்சுவை வழங்கியது. 1920-களின் நடுவில் இலவச முகாம்கள் பலவற்றில் கட்டணம் வந்தது. வருமானத்தைவிட, மிக ஏழ்மையானவர்களையும் நீண்ட நாள் தங்குபவர்களையும் தவிர்ப்பதே அதன் முக்கிய நோக்கம். தம்பா நகரமும் டி சோட்டோ பூங்காவை முகாமாளர்களுக்கு மூடியது. சங்கத்தின் குளிர்கால மாநாடு ஆர்க்கேடியா, சரசோட்டா போன்ற ஊர்களுக்கு மாறியது. முகாமாளர்களின் மற்றொரு குழுவினர் 1924-இல் பிரேடன்டன் நகரில் பழைய 'பிரேடன் கோட்டை' இடிபாடுகளை ஒட்டிய நிலத்தைத் தாங்களே வாங்கிச் சிறு மனைகளாகப் பிரித்துக்கொண்டனர். துரத்தப்பட முடியாத ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அத்தனை முற்பட்ட காலத்திலேயே இருந்தது.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். தென்மாநிலங்களில் நிறப்பாகுபாடு சட்டமாக இருந்த காலம் அது. இந்த முகாம்கள் வெள்ளையருக்கானவை. கறுப்பினப் பயணிகளுக்குத் தங்க இடமும் உண்ண இடமும் கிடைப்பதே அரிது. அவர்களுக்குப் பாதுகாப்பான இடங்களைப் பட்டியலிட்டு விக்டர் கிரீன் என்ற நியூயார்க் அஞ்சல்காரர் 1936 முதல் 'பசுமைக் கையேடு' வெளியிட நேர்ந்தது. சாலை எல்லோருக்கும் ஒரே மாதிரி திறந்திருக்கவில்லை.

டிரெய்லர்களின் பத்தாண்டு

கூடாரத்தின் இடத்தைப் பிடித்தது இழுவை வீடு. டிட்ராய்ட் நகரைச் சேர்ந்த நுண்ணுயிரியலாளர் ஆர்தர் ஷெர்மன், தம் குடும்பத்துக்காக ஒரு பெட்டி வடிவ டிரெய்லரைக் கட்டினார். அதற்குக் கிடைத்த வரவேற்பைக் கண்டு 'கவர்டு வேகன்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1930-களின் நடுவில் அது அந்நாட்டின் மிகப்பெரிய டிரெய்லர் உற்பத்தி நிறுவனமாக விளங்கியது. விமானத் தொழில்நுட்பமும் இதில் புகுந்தது. சார்லஸ் லிண்ட்பெர்க்கின் விமானக் கட்டுமானத்தை மேற்பார்வையிட்ட ஹாலி பௌலஸ், அலுமினியத் தகட்டால் காற்றைக் கிழிக்கும் வடிவில் ஒரு டிரெய்லரை அமைத்தார். வாலி பயம் என்பவரின் 'ஏர்ஸ்ட்ரீம்' நிறுவனம் 1936-இல் வெளியிட்ட 'கிளிப்பர்' மாதிரியும் அந்த மரபில் வந்ததே. ஏர்ஸ்ட்ரீம் இன்றும் இயங்குகிறது.

இந்தப் பெருக்கம் பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவில் நிகழ்ந்தது. வேலை இழந்தவர், வீட்டுக்கடன் கட்ட முடியாதவர் பலருக்கு டிரெய்லரே வீடாயிற்று. அடுத்த 20 ஆண்டுகளில் அமெரிக்க மக்களில் பாதிப்பேர் டிரெய்லரில் வாழ்வர் என்று பொருளாதார முன்னறிவிப்பாளர் ரோஜர் பாப்சன் கூறியது அப்போது பரபரப்பானது. அது நடக்கவில்லை. ஆயினும் நகரசபைகள் அஞ்சின. சொத்துவரி கட்டாதவர்களின் பிள்ளைகளைப் பள்ளியில் எப்படிச் சேர்ப்பது, அவர்களின் கழிவை யார் அகற்றுவது என்ற கேள்விகள் எழுந்தன. பல ஊர்கள் டிரெய்லர் எத்தனை நாள் நிற்கலாம் என வரம்பு விதித்தன, குடியிருப்புப் பகுதிகளில் தடையும் செய்தன.

இரண்டாம் உலகப்போரின்போது படைக்கலத் தொழிற்சாலைகளுக்கு வந்த தொழிலாளரைத் தங்கவைக்க அரசே பெருமளவில் டிரெய்லர்களை வாங்கியது. போருக்குப் பின் இத்தொழில் இரண்டாகப் பிரிந்தது. 1954-இல் விஸ்கான்சினைச் சேர்ந்த எல்மர் ஃபிரே, வழக்கமான 8 அடிக்குப் பதிலாக 10 அடி அகல டிரெய்லரைக் கொண்டுவந்தார். அவ்வளவு அகலமானதைச் சாதாரணக் காரில் இழுத்துத் திரிய இயலாது. ஒருமுறை கொண்டுபோய் நிறுத்தி அங்கேயே வாழவேண்டும். இது 'மொபைல் ஹோம்' என்னும் மலிவு வீடாக வளர்ந்தது. சிறியது பயணத்துக்கான ஆர்.வி. ஆயிற்று.

ஓய்வூதியமும் நெடுஞ்சாலையும்

ஆண்டில் ஐந்தாறு மாதம் ஊரைவிட்டு இருப்பதற்கு வண்டி மட்டும் போதாது. வேலைக்குப் போகாமலே வருமானம் வரவேண்டும். 1935-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு அடித்தளம். அதன்படி மாதாந்திர ஓய்வூதியம் 1940 ஜனவரியில் தொடங்கியது. 1950-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கும் வாகனத் தொழிலாளர் சங்கத்துக்கும் ஏற்பட்ட ஒப்பந்தம் தொழிலாளருக்கு நிறுவன ஓய்வூதியத்தையும் உறுதி செய்தது. மிச்சிகனில் கார் செய்தவர்கள், ஓய்வுபெற்றபின் அந்தக் காரிலேயே புளோரிடா செல்ல முடிந்தது. 1965-இல் 65 வயதுக்கு மேற்பட்டோருக்கான 'மெடிகேர்' மருத்துவக் காப்பீடு வந்தது. 1970-களில் ஓய்வூதியத்தை நேரே வங்கிக் கணக்கில் செலுத்தும் முறை வந்தபின், காசோலைக்காக ஒரே முகவரியில் காத்திருக்க வேண்டிய தேவையும் குறைந்தது.

சாலைகள் அதே காலத்தில் மாறின. குடியரசுத் தலைவர் ஐசனோவர் 1956-இல் கையொப்பமிட்ட கூட்டாட்சி நெடுஞ்சாலைச் சட்டம், சுமார் 41,000 மைல் நீளமுள்ள மாநிலங்களுக்கிடையிலான விரைவுச் சாலைகளுக்கு வழிவகுத்தது. பனிப்பறவைகளின் வரைபடத்தை இச்சாலைகளே தீர்மானித்தன எனலாம். 75-ஆம் எண் சாலை மிச்சிகன், ஒகையோ மக்களைப் புளோரிடாவின் மேற்குக் கடற்கரைக்குக் கொண்டுசென்றது. 95-ஆம் எண் சாலை நியூயார்க், நியூஜெர்சி மக்களை அதன் கிழக்குக் கடற்கரைக்குக் கொண்டுசென்றது. நடுச் சமவெளி மாநிலத்தார் டெக்சாசின் தென்கோடியில் உள்ள ரியோ கிராண்டே பள்ளத்தாக்குக்கும் அரிசோனாவுக்கும் சென்றனர். ரியோ கிராண்டே பகுதியில் இவர்களை மதிப்போடு 'குளிர்கால டெக்சாஸ்காரர்' என்றே அழைக்கின்றனர்.

தங்குமிடங்களும் பெருகின. 1962-இல் மொன்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் நகரில் 'கே.ஓ.ஏ.' முகாம் நிறுவனம் தொடங்கியது. 1966-இல் அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டியில் 'வினிபேகோ' நிறுவனம் தொகுப்பு வரிசையில் மோட்டார் வீடுகளைச் செய்து, போட்டியாளரைவிடக் குறைந்த விலைக்கு விற்றது. இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் பகுதி இத்தொழிலின் தலைநகரமானது. பெட்ரோல் விலையும் கடன் வட்டியும் இத்தொழிலை உடனுக்குடன் பாதிக்கும். 1973 எண்ணெய் நெருக்கடியில் விற்பனை சரிந்தது. 2006-இல் சுமார் 3.9 லட்சமாக இருந்த ஆண்டு உற்பத்தி, 2009-இல் சுமார் 1.65 லட்சமாக வீழ்ந்தது. கொரோனாக் காலத்தில் ஏறி, 2021-இல் சுமார் 6 லட்சத்தைத் தொட்டது.

பாலைவனத்தில் ஒரு பருவ நகரம்: குவார்ட்சைட்

அரிசோனாவின் மேற்கெல்லையில், கொலராடோ ஆற்றுக்குச் சுமார் 30 கி.மீ. கிழக்கே உள்ளது குவார்ட்சைட். 2020 கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 2,400. ஜனவரியில் சென்றால் நான்கு திசையிலும் பல்லாயிரக்கணக்கான வண்டிகள் நிற்கும். மே மாதம் சென்றால் கள்ளிச்செடிகளே மிஞ்சும்.

இதற்குக் காரணம் ஊரைச் சுற்றியுள்ள அரசுப் பொதுநிலம். இந்நிலங்களை நில மேலாண்மைப் பணியகம் என்ற கூட்டாட்சி அமைப்பு பராமரிக்கிறது. பொதுநிலத்தில் ஓரிடத்தில் 14 நாள்களுக்கு மேல் தங்கக்கூடாது என்பது பொது விதி. குளிர்கால வருகையாளர் பெருகி, பாலைநிலத்துக்குச் சேதம் ஏற்படவே, 1983-இல் இப்பணியகம் நீண்டகால வருகையாளர் பகுதிகளை ஒதுக்கியது. குவார்ட்சைட்டுக்குத் தெற்கே உள்ள லா போசா அவற்றுள் ஒன்று. பரப்பு சுமார் 11,400 ஏக்கர். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதங்கள் தங்கலாம். பல ஆண்டுகள் இதற்கான கட்டணம் 180 டாலராக இருந்தது. தண்ணீர் பிடிக்கவும் கழிவைக் கொட்டவும் குப்பை போடவும் பொது இடங்கள் உண்டு. மின்சாரம் கிடையாது. சூரியத் தகடுகளும் மின்கலங்களுமே துணை. மாதம் பல நூறு டாலர் வாடகை வாங்கும் தனியார் முகாம்களோடு ஒப்பிட்டால், சிறிய ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு இந்த நிலம் எவ்வளவு பெரிய ஆதரவு என்பது புரியும்.

குளிர்காலத்தில் இங்கே கனிமங்களும் மணிக்கற்களும் விற்கும் சந்தைகள் கூடும். இவ்வூரின் கல்லறைத் தோட்டத்தில் உள்ள, உச்சியில் ஒட்டக உருவம் வைத்த கூம்பு வடிவ நினைவுச்சின்னமும் புகழ்பெற்றது. உதுமானியப் பேரரசிலிருந்து 1856-இல் அமெரிக்கப் படையின் ஒட்டகச் சோதனைக்காக வந்த ஹாஜி அலி என்பவரின் கல்லறை அது. 1902-இல் அவர் இறந்தார். அவர் பெயர் அமெரிக்கர் வாயில் 'ஹை ஜாலி' என்று திரிந்தது.

எல்லை கடக்கும் கனடியர்

கனடியர்களுக்குக் குளிரோடு நாள்காட்டியும் கவலை. அமெரிக்காவில் வருகையாளராக ஓர் ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதமே தங்கலாம். அதை மீறினால் வரிச்சிக்கலும் குடிவரவுச் சிக்கலும் வரும். மறுபுறம், கனடாவின் அரசு மருத்துவக் காப்பீட்டை மாகாணங்கள் நடத்துகின்றன. ஒன்டாரியோ மாகாணத்தில் 12 மாதங்களில் குறைந்தது 153 நாள் மாகாணத்துக்குள் இருந்தால்தான் அந்த உரிமை நிலைக்கும். எனவே கனடியப் பனிப்பறவைகள் நாள்களை எண்ணியே வாழ்கின்றனர். இவர்களின் நலன்களுக்காக 1992-இல் கனடியப் பனிப்பறவைகள் சங்கம் தோன்றியது.

முகவரி என்னும் சிக்கல்

வீட்டை விற்றுவிட்டு முழுநேரமும் சக்கர வீட்டில் வாழ்வோருக்கு நாடு ஒன்றே என்றாலும் மாநிலம் எது என்பது சிக்கல். ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு, காப்பீடு, வரி, வாக்கு எல்லாமே ஒரு மாநில முகவரியைக் கேட்கின்றன. இதற்கு வழிகண்டவர்களுள் முக்கியமானவர்கள் ஜோ, கே பீட்டர்சன் தம்பதியர். 1978-இல் இவர்கள் 'எஸ்கேப்பீஸ்' என்ற சங்கத்தைத் தொடங்கினர். டெக்சாசின் லிவிங்ஸ்டன் என்ற சிற்றூரில் அமைந்த அதன் தலைமையகம், உறுப்பினர்களுக்கு ஒரு முகவரியைத் தந்து, அங்கு வரும் கடிதங்களை அவர்கள் இருக்கும் இடத்துக்கு அனுப்பிவைக்கும் பெரிய அஞ்சல் சேவையை நடத்துகிறது.

முழுநேரப் பயணிகள் பெரும்பாலும் டெக்சாஸ், புளோரிடா, தெற்கு டகோட்டா ஆகிய மூன்றில் ஒன்றைத் தம் மாநிலமாகத் தேர்கின்றனர். இம்மூன்றிலும் மாநில வருமானவரி இல்லை. தெற்கு டகோட்டாவில் ஓர் இரவு தங்கியதற்கான ரசீதைக் காட்டியே ஓட்டுநர் உரிமம் பெறமுடிந்தது. இதனால் அங்கே வாழாதவர்கள் உள்ளூர்த் தேர்தலில் வாக்களிப்பது முறையா என்ற விவாதம் எழுந்தது. 2023-இல் அம்மாநிலம், வாக்காளராகப் பதிவு செய்ய 30 நாள் வசிப்பு வேண்டும் எனச் சட்டம் செய்தது. முழுநேரப் பயணி எந்த மாநிலத்திலும் 30 நாள் தங்காமல் இருக்கக்கூடும். அவர் அமெரிக்கக் குடிமகன், வரி கட்டுபவர், ஆனால் வாக்களிக்க ஓர் ஊர் இல்லாதவராக ஆகலாம்.

வேறு சட்டங்களும் இப்பிடியை இறுக்கின. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் வந்த தேசப்பற்றுச் சட்டம், வங்கிக் கணக்குக்கு உண்மையான வசிப்பிட முகவரியைக் கேட்கச் செய்தது. 2005-ஆம் ஆண்டின் அடையாள அட்டைச் சட்டமும் முதன்மை வசிப்பிடச் சான்றைக் கேட்டது. அஞ்சல் சேவை முகவரியை வங்கிகள் சில ஏற்பதில்லை. 65 வயதாகாதவர்களுக்கு மருத்துவக் காப்பீடு இன்னொரு தொல்லை. தனியார் காப்பீடுகள் பலவும் ஒரு மாநிலத்தின் மருத்துவமனைகளோடு நின்றுவிடும். தெற்கு டகோட்டாவில் எடுத்த காப்பீடு அரிசோனாவில் அவசர சிகிச்சைக்கு மேல் உதவாமல் போகலாம்.

முதுமையும் சாலையின் முடிவும்

கனடிய மானிடவியலாளர்களான டோரதி கவுன்ட்ஸ், டேவிட் கவுன்ட்ஸ் இணையர், தாங்களே ஆர்.வி.யில் வாழ்ந்து இம்முதியோரை ஆராய்ந்து 1996-இல் நூல் வெளியிட்டனர். வேரற்றவர்கள் என்று கருதப்பட்ட இவர்களிடையே வலுவான உறவுமுறைகள் இருப்பதை அவர்கள் காட்டினர். புதிதாக வந்தவரை வரவேற்பது, உணவைப் பகிர்ந்து உண்பது, பழுதான வண்டிக்கு ஆள்கூடி உதவுவது ஆகியவை அறிமுகமற்றவரை ஓரிரு நாளில் அண்டை வீட்டாராக்கிவிடுகின்றன.

அந்த உறவும் ஓர் எல்லையில் வந்து நிற்கும். கண் மங்கினாலோ, பக்கவாதம் வந்தாலோ, இணையர் இருவரில் வண்டி ஓட்டுபவர் இறந்தாலோ, வீடு நின்றுவிடும். விற்றுவிட்ட பழைய வீட்டுக்குத் திரும்ப வழியில்லை. அன்று விற்ற விலைக்கு இன்று வீடு கிடைக்காது, ஊர்தியின் மதிப்போ ஆண்டுதோறும் தேய்ந்திருக்கும். இதை உணர்ந்த எஸ்கேப்பீஸ் உறுப்பினர்கள் லிவிங்ஸ்டனில் 'கேர்' என்ற பராமரிப்பு மையத்தை அமைத்தனர். நோயுற்றவரும் முதியவரும் தம் சொந்த ஆர்.வி.யிலேயே அங்கு நிலையாகத் தங்கலாம். உணவும் பகல்நேரப் பராமரிப்பும் மருத்துவரிடம் அழைத்துச்செல்லும் வசதியும் உண்டு. வேறு உறுப்பினர்கள் தன்னார்வலராக வந்து சில காலம் பணிசெய்து செல்கின்றனர். சக்கர வீட்டு வாழ்க்கை தானே உருவாக்கிக்கொண்ட முதியோர் ஏற்பாடு இது. ஆயினும் அது ஒரே ஊரில் உள்ள ஒரு மையம். எல்லோருக்கும் அதில் இடம் கிடைக்காது.

விருப்பமும் கட்டாயமும்

2008 நிதி நெருக்கடியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியோர் பலர் ஆர்.வி.க்கும் வேனுக்கும் குடிபெயர்ந்தனர். இவர்களுக்கு ஓய்வூதியம் போதவில்லை. கோடையில் வனத்துறை முகாம்களில் காவலர் வேலை, அக்டோபரில் வடக்கு டகோட்டா, மினசோட்டா எல்லையிலுள்ள சிவப்பாற்றுப் பள்ளத்தாக்கில் சர்க்கரைக் கிழங்கு அறுவடை, பண்டிகைக் காலத்தில் கிடங்கு வேலை, பின்னர் குளிர்காலத்துக்கு அரிசோனா என்று ஒரு சுற்று உருவானது. அமேசான் நிறுவனம் 2008-இல் இத்தகையோருக்காகவே ஒரு பருவ வேலைத் திட்டத்தைத் தொடங்கிப் பின்னாளில் நிறுத்தியது. ஜெசிகா புரூடர் 2017-இல் எழுதிய 'நோமாட்லேண்ட்' நூல் இவர்களைப் பற்றியது. அதைத் தழுவி குளோயி ஜாவ் இயக்கிய திரைப்படம் 2021-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. குவார்ட்சைட்டின் ஒரே பாலைநிலத்தில் பல லட்சம் டாலர் மோட்டார் வீடும், உள்ளே மெத்தை போட்ட பழைய வேனும் அருகருகே நிற்கின்றன.

2020 மார்ச்சில் கொரோனாப் பரவலைத் தடுக்க 'வீட்டிலேயே இருங்கள்' என மாநிலங்கள் ஆணையிட்டன. அதே வாரங்களில் அரசு முகாம்கள் பல மூடப்பட்டன. வீடே முகாமில் இருந்தவர்கள் எங்கே இருப்பது என்பதை அந்த ஆணைகள் பலவும் எண்ணிப் பார்க்கவில்லை. தரைவழி எல்லையும் மார்ச் 21 முதல் அத்தியாவசியமற்ற பயணத்துக்கு மூடப்பட்டு, 2021 நவம்பரில்தான் கனடியப் பயணிகளுக்குத் திறந்தது. இடையில் வந்த குளிர்காலத்தில் வண்டியோடு தெற்கே செல்ல அவர்களால் இயலவில்லை. 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பொது இடத்தில் உறங்குவதைத் தடைசெய்து தண்டிக்கும் அதிகாரம் நகரங்களுக்கு உண்டு எனத் தீர்ப்பளித்தது. அது வீடற்றோர் தொடர்பான வழக்கு. தெருவோரம் வேனில் உறங்குபவர்களையும் அது கவலைகொள்ளச் செய்துள்ளது.

நிறைவுரை

தகர டப்பாப் பயணிகள் முதல் இன்றைய முழுநேரப் பயணிகள் வரை, இவ்வாழ்க்கையைத் தாங்கி நிற்பவை ஓய்வூதியம், பொதுச்சாலை, பொதுநிலம் ஆகிய மூன்றும். மூன்றும் சமூகம் ஒன்றுசேர்ந்து உருவாக்கியவை. தனிமனிதச் சுதந்திரத்தின் சின்னமாகப் பேசப்படும் சக்கர வீடு, இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் தடுமாறிவிடும்.

குடிமக்களை முகவரி வழியாகவே அடையாளம் காணும் சட்டங்களும் நூறாண்டுகளாக இவர்களோடு முரண்பட்டு வந்துள்ளன. 1920-களில் முகாம் கட்டணமாகவும், 1930-களில் நாள் வரம்பாகவும், இன்று வசிப்பிடச் சான்றாகவும் அந்த முரண்பாடு வடிவம் மாறியிருக்கிறது. வட அமெரிக்காவில் முதியோர் தொகை கூடிவருகிறது. வீட்டு வாடகையும் ஏறிவருகிறது. ஆகவே அடுத்துவரும் ஆண்டுகளில் தெற்கு நோக்கிச் செல்லும் வண்டிகளில் எத்தனை பேர் விரும்பிச் செல்கின்றனர், எத்தனை பேர் வேறு வழியின்றிச் செல்கின்றனர் என்பதை ஆராய்வது சமூக வரலாற்று மாணவர்களுக்குப் பயன்தரும் பணியாக இருக்கும்.